பள்ளிக்கூடத்துப் பொங்கலும் தை ஐந்தும்

ஜனவரி பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ஐயா, நம்ம ஸ்கூல்ல பொங்கல் விழா. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்." மூலக்குளத்தில் குடியிருந்துகொண்டு நாட்டுப்புற வழக்காறுகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதவும் செய்கிற ஆளுக்கு இது தப்பாது. ரெட்டியார்பாளையம் தொடங்கி வில்லியனூர் வரைக்கும் சாலையின் இரு பக்கமும் பள்ளிக்கூடங்கள்தான். சில ஆண்டுகளில் ஒரே நாளில் இரண்டு பள்ளிக்குப் போயிருக்கிறேன். போர்த்திய பொன்னாடைகள் பீரோவின் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன.

அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து மதிப்புரை எழுதுவதில்லையா, அதுபோல. எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே விழாதான் நடக்கிறது என்பதால் பெயர் தேவையும் இல்லை. குறை சொல்லும்போது மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தேதி. என் நாட்குறிப்பைப் புரட்டினால் பள்ளிப் பொங்கல் விழாக்கள் ஜனவரி 10, 11, 12, 13 என்று இருக்கின்றன. தை முதல் நாள் 14 அல்லது 15. அன்று பள்ளி விடுமுறை. ஆகவே விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் விழா. அதாவது பள்ளிக்கூடத்துப் பொங்கல் எப்போதுமே மார்கழியில்தான் வருகிறது! தமிழாசிரியர் மேடையில் நின்று "தைத்திருநாளாம் இந்நன்னாளில்" என்று தொடங்கும்போது, எதிர்ச்சாரியில் இருக்கும் பெருமாள் கோயிலில் திருப்பாவை முடிந்து பொங்கல் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. விடுமுறைப் பட்டியல் அப்படி. ஆனால் மற்ற எல்லாக் கோளாறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தன் நாளில் நடக்காத ஒன்றை "இதுதான் அது" என்று காட்ட வேண்டியிருப்பதால், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நடிப்பாகிவிடுகிறது.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு விழா. வாசலில் இரண்டு கரும்பு, நடுவில் மாவிலைத் தோரணம். வண்ணப்பொடியில் பெரிய கோலம். அதில் ஆங்கிலத்தில் வாழ்த்து. ஆசிரியைகள் ஒரே நிறப் பட்டுப்புடவை. வாட்சப் குழுவில் ஒரு வாரமாகப் பேசி முடிவு செய்தது. ஆசிரியர்கள் வேட்டி சட்டை. பாதிப்பேர் 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி. மைதானத்தில் மூன்று செங்கல் வைத்து மண்பானை. சில இடங்களில் செங்கல்லுக்கு நடுவில் கேஸ் அடுப்பை மறைத்து வைத்திருப்பார்கள். ஒரு பள்ளிக்கு நான் இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அரும்பார்த்தபுரம் பக்கம் வண்டிகள் நின்றுவிட்டன. போய் இறங்கியதும் ஓடிவந்த உடற்கல்வி ஆசிரியர், "பரவால்ல ஐயா, உங்களுக்காக அடுப்ப சிம்முல வச்சிருக்கோம்" என்றார். நான் வந்து நின்றபின் அடுப்பைக் கூட்டினார்கள். பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அன்று இரவு அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்கள் ஆயா நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம். வாசலில் சாணம் மெழுகி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, கிழக்குப் பார்த்து அடுப்பை மூட்டி ஆயா உட்கார்ந்துவிட்டால் யாரும் பக்கத்தில் போக முடியாது. பால் எந்தப் பக்கம் முதலில் வழிகிறது என்று பார்ப்பதற்கே ஒரு கூட்டம் நிற்கும். பிறகு தெருவில் போகிறவரெல்லாம் "பால் பொங்குச்சா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். "பொங்குச்சு, ஒங்க வூட்ல?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதுதான் அன்றைய வணக்கம். பால் எப்போது பொங்கும் என்பது அடுப்புக்கும் விறகுக்கும் தெரிந்த விஷயம். யாருக்காகவும் அது காத்திருந்ததில்லை. அந்தப் பதற்றம்தான் பொங்கல் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிம்மில் வைத்த பானையில் அது இல்லை.

அடுத்து மேடைப்பேச்சு. இதில் என் பங்கு நிறைய. பள்ளிக்கூடத்துப் பொங்கல் பேச்சு என்பது ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலிருந்து இறங்கி வந்தது: முன்னுரை, போகி, தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல், முடிவுரை. உட்தலைப்பு மாறாது. போகிக்கு வந்ததும், பழையது கழிவதையும் புதியது புகுவதையும் பற்றிய அந்த நூற்பாவைச் சொல்லாத பேச்சாளரை நான் பார்த்ததில்லை. நானே சொல்லியிருக்கிறேன். அது நன்னூலில், சொல்லதிகாரத்தில் வருவது. பவணந்தியார் பழம்பாயைப் பற்றிப் பேசவில்லை. மொழியில் சில சொற்கள் வழக்கொழிவதும் சில புதிதாக வந்து சேர்வதும் காலத்தால் நேர்வது, அது பிழையாகாது என்று இலக்கணம் சொல்கிறார். அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து டயர் எரிக்கிற நாளுக்குக் கொடுத்துவிட்டோம். (டயரைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் எச்சரிக்கிறார்கள். எங்கள் தெருவில் இன்னும் எரிகிறது.) சரி, போகட்டும். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருக்க, முப்பது நிமிடம் நான் சொன்னதில் அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது எதையும் நான் கேட்கவும் இல்லை.

இனி, இந்தக் குறிப்பை எழுதவைத்த சம்பவத்துக்கு வருகிறேன்.

வில்லியனூருக்கு அப்பால் ஒரு பள்ளி. மாறுவேடப் போட்டிக்கு மூன்று நடுவர்கள், நான் ஒருவன். தலைப்பு 'உழவர்'. மதிப்பெண் தாளில் உடை, வசனம், பாவனை என்று மூன்று பத்தி. பதினான்கு பிள்ளைகள். அதில் பன்னிரண்டு பேர் ஒரே ஆள்: வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பச்சைத் துண்டு, மைப் பென்சிலில் மீசை, தோளில் அட்டையில் செய்த ஏர். பெண் பிள்ளைகளுக்கும் அதே மீசைதான். எல்லாரும் சேற்றில் கால், சோற்றில் கை என்கிற அந்த வசனத்தைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பெண். பழைய புடவையை முழங்கால் தெரிய ஏற்றிச் செருகியிருந்தாள். அதற்குமேல் ஆம்பிளைச் சட்டை, முழுக்கை. தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தாள். மீசை இல்லை. வந்தாள், ஒலிவாங்கி பக்கம் போகவில்லை, குனிந்தாள். இடது கையால் எதையோ சேர்த்துப் பிடித்து வலது கையால் அறுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்க அம்மா" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

மைதானத்தில் கொஞ்சம் சிரிப்பு. சட்டையைப் பார்த்துத்தான். என் பக்கத்தில் இருந்த நடுவர், "என்னங்க, சட்டைய போட்டுட்டு வந்துருக்கு... கல்ச்சுரலா இல்லையே" என்றார். வசனத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று நான் யோசித்தேன். இரண்டே சொல். பத்துக்கு மூன்று போட்டேன். ஆம், நான்தான் போட்டேன். முதல் பரிசு பட்டு வேட்டி கட்டி, மூங்கிலில் அழகாக ஏர் செய்துகொண்டு வந்த பையனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தபின்தான் உறைத்தது. நெல் அறுக்கிறபோது தாள் கையைக் கிழிக்கும். சுனை உடம்பெல்லாம் அரிக்கும். வெயில் முதுகைப் பிளக்கும். அதற்காகத்தான் எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் புடவைக்குமேல் மாட்டிக்கொள்கிறார்கள். பாகூரிலும் கரிக்கலாம்பாக்கத்திலும் மடுகரையிலும் சாலையோரமாகப் போகிற எவருக்கும் தெரிந்த காட்சி. எங்கள் அம்மாவும் அப்படித்தான் போனார். களப்பணி, வழக்காறு என்று பேசிக்கொண்டு திரிகிற நான், அன்று மேடையில் வந்த ஒரே உண்மையான தகவலுக்கு மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அந்த மீசை வைத்த உழவர் எங்கிருந்து வந்தார் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மாதக் காட்டியில் அச்சடித்த படங்கள், சினிமா, பாடநூல் ஓவியங்கள், பொங்கல் வாழ்த்து அட்டைகள். அங்கெல்லாம் உழவர் ஓர் ஆண், நிலம் அவருடையது, மாடு அவருடையது, மனைவி சோற்றுக்கூடையோடு வரப்பில் வருவார். கூலிக்கு நடவு நடுகிறவரும் களை எடுக்கிறவரும் அந்தப் படத்தில் இல்லை. வயலில் இறங்கிப் பார்த்தால் நடவிலும் களையிலும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களில் மிகப் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. 'உழவர் திருநாள்' என்று பள்ளியில் வாழ்த்துச் சொல்லும்போது யாருக்கு வாழ்த்துச் சொல்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் குழப்பம்.

ஏரும் அப்படித்தான். ஜனவரி நடுவில் பாகூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சம்பா கதிர் பழுத்து நிற்கும். சில வயலில் அறுப்பு நடக்கும். சில இடத்தில் நவரைக்கு நாற்றங்கால் விட்டிருப்பார்கள். பாகூர் ஏரியில் தண்ணீர் கிடக்கும், தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்த தண்ணீர். அறுப்புக்கு வருவது 'பெல்ட் வண்டி'. வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி புதைந்துவிடும், அதனால் சங்கிலிப்பட்டை வைத்த இயந்திரம். மணிக்கணக்குக்கு வாடகை. வண்டி எப்போது வரும், முன்னால் யார் வயல், மழை வருவதற்குள் முடியுமா என்பதுதான் அந்த வாரத்துப் பேச்சு. இயந்திரம் வந்ததில் அறுப்புக் கூலி போன பெண்கள் உண்டு. கூலியை நெல்லாக அளந்துகொண்டு வந்து அந்த நெல்லைக் குத்திப் பொங்கல் வைத்த வீடுகள், இப்போது கடையில் பச்சரிசி வாங்கி வைக்கின்றன. இதெல்லாம்தான் இன்றைய பொங்கலின் கதை. மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். நான் போன எந்தப் பள்ளியும் பிள்ளைகளை அந்த வாரத்தில் ஒரு வயலுக்கு அழைத்துப் போனதாகச் சொல்லவில்லை. அட்டை ஏர் செய்யச் சொல்கிறார்கள். அந்த ஏரைப் பிள்ளைகளின் அப்பாக்களே பிடித்திருக்க மாட்டார்கள்.

இங்கே கனடாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். ஒன்ராறியோ மாநிலம் 2014-இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகச் சட்டம் செய்தது. 2016 அக்டோபர் 5-ஆம் நாள் கனடா நாடாளுமன்றமும் அதைத் தீர்மானமாக ஏற்றது. டொராண்டோப் பக்கத்துப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் ஜனவரி முழுக்க நிகழ்ச்சிகள். வெளியே பனி, உள்ளே மண்டபத்தில் பானை, கோலம், பிள்ளைகளுக்கு வேட்டியும் பாவாடை சட்டையும். படங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் எந்தக் குறையும் தோன்றவில்லை. அங்கே வயல் இல்லை, மாடு இல்லை. பலர் போரில் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். பிள்ளைகள் ஊரையே பார்க்காதவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் பொங்கலைக் காட்சியாக வைத்துத்தான் காப்பாற்ற முடியும். அட்டை ஏருக்கு அங்கே பொருள் இருக்கிறது.

ஆனால் நாம் வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு டொராண்டோப் பொங்கல் கொண்டாடுகிறோம். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிறது. இந்தப் பக்கம் தெர்மாகோலில் நெற்கதிர்.

பரிசு கொடுத்து முடிந்தபின் நான் காரில் ஏறும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். கோபமாக இருப்பாளோ என்று எனக்குச் சின்னத் தயக்கம். அவள் கேட்டது வேறு. "சார், நீங்க சொன்னா கேப்பாங்களா? ஆத்துத் திருநாளுக்கு லீவு உட மாட்டாங்களா?"

என் முப்பது நிமிடப் பேச்சில் ஆற்றுத் திருவிழா என்ற சொல்லே வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குப் பொங்கல் மூன்று நாளில் முடிவதில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. மணலூர்பேட்டையில் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் வந்து தீர்த்தவாரி கொடுப்பார். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பிடாகம், கடலூரில் பெண்ணையாற்றங்கரை, நம் புதுவைப் பகுதியில் பாகூரை அடுத்த சோரியாங்குப்பம். சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் டாட்டா ஏஸிலும் ஏறி ஆற்றுக்கு வந்துவிடும். சிவன், பெருமாள், முருகன், மாரியம்மன் என்று வரிசையாக மணலில் பந்தல். ஜனம் குளிக்கும், கும்பிடும், கட்டிக்கொண்டு வந்த சோற்றை மணலில் உட்கார்ந்து தின்னும். கரும்பு, வளையல், மண்சட்டி, ராட்டினம். அப்புறம் அந்தக் கிழங்கு: சிறுவள்ளிக் கிழங்கு. அதை வாங்காமல் ஆற்றுத் திருவிழாவிலிருந்து யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் அன்றைக்குப் பிறந்த ஊருக்கு வருவார்கள். காணும் பொங்கலில் காணாத ஆட்களை ஆற்றில் காணலாம் என்று எங்கள் ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

படிப்பாளிகளுக்குத் தை நீராடல் தெரியும். நற்றிணை 80-ஆம் பாட்டிலும் பரிபாடலில் வையை பற்றிய 11-ஆம் பாட்டிலும் வருவது. அதற்கு எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள். பாவை நோன்போடு அதற்கு என்ன உறவு, தையா மார்கழியா என்று பழைய விவாதமே உண்டு. அங்கிருந்து சோரியாங்குப்பத்துக்கு நேராகக் கோடு இழுத்துவிடக் கூடாது. அது தனியாகப் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் தை மாதத்தில் தண்ணீருக்குப் போவது நம் பக்கத்து மக்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிற ஒன்று. வகுப்பில் சங்கப்பாட்டு நடத்துகிற ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் எங்கே கிடைக்கும்? அன்றைக்கு வகுப்பில் பாதி இருக்கை காலி. வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு.

கணக்கைப் பாருங்கள். தை 1, 2, 3 அரசு விடுமுறை. தை 5, ஜனவரி 18 அல்லது 19. ஒருநாள் இடைவெளியில் வந்துவிடுகிறது. அது சனி, ஞாயிறாக அமைந்தால் பிள்ளைகளுக்கு யோகம், இல்லாவிட்டால் பள்ளி. உள்ளூருக்கென்று விடுமுறை விடுவது புதுச்சேரி நிர்வாகத்துக்குப் புதிய விஷயமும் அல்ல. ஒரே ஆட்சிப்பரப்பில் மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, இங்கேயும் காரைக்காலிலும் தமிழ். மாகேக்கு ஓணம், ஏனாமுக்குச் சங்கராந்தி என்று பகுதிக்குப் பகுதி பார்த்துத்தான் செய்கிறார்கள். மாசி மகத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை விட்டுப் பார்த்திருக்கிறோம். பாகூர்க் கொம்யூனுக்கு மட்டும் தை ஐந்தைக் கொடுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை ஈடுசெய்வது முடியாத காரியமா? இதை நான் மேடையில் பேசியிருக்க வேண்டும். நூற்பாவைப் பேசிக்கொண்டிருந்தேன்.

சமத்துவப் பொங்கல் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைப்பது நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைக் காட்டுவதற்கென்று ஒரு கோலம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: ஒரு பிள்ளைக்குத் திருநீறு, ஒரு பிள்ளைக்குத் தொப்பி, ஒரு பிள்ளைக்குச் சிலுவை, மூன்று பேரும் பானையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பள்ளியில் தொப்பி போட்டிருந்த பையன் முஸ்லிம் இல்லை. சுல்தான்பேட்டையிலிருந்து வரும் உண்மையான பையன் வேட்டி கட்டிக் கரகாட்ட வரிசையில் நின்றான். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் 1877-இல் எழுந்த லூர்து மாதா கோயிலும் பள்ளிவாசலும் ஒரு நடை தூரத்தில் இருக்கின்றன. திருக்காமீசுவரர் தேருக்கு ஆளுநர் வடம் பிடிக்கிற வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே வருவது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தொப்பியை வாடகைக்கு எடுக்கிறோம். அதே தொப்பி ஜனவரி 26-இல் 'வேற்றுமையில் ஒற்றுமை'க்கு மறுபடி வரும். அதே வேட்டிப் பையன் அன்று 'தமிழ்நாடு' ஆவான். ஜனவரி மாதம் டிரஸ் வாடகைக் கடைக்காரர்களுக்கு நல்ல மகசூல்.

இன்னொரு பையன். அப்பா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. பீகாரிலிருந்து வந்த குடும்பம். தமிழ் நன்றாகவே பேசுகிறான். பொங்கல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம், "உங்க ஊர்ல இன்னைக்கு என்னப்பா செய்வீங்க?" என்று சும்மா கேட்டேன். "தயிரும் அவலும் சார். வெல்லம் போட்டு. எள்ளுருண்டை செய்வாங்க அம்மா" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத யாரும் கேட்டதில்ல சார்" என்றான். அவர்களுக்கு அது சங்கராந்தி. அவன் வகுப்பில் இருப்பது நாற்பது பிள்ளைகள். நாற்பது வீட்டில் தையில் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னால், ஒரு நல்ல தொகுப்பே கிடைத்துவிடும். எங்கள் துறையில் இதைக் களஆய்வு என்று பெயர் வைத்துப் பட்டம் கொடுக்கிறோம்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தலைமையாசிரியரிடம் இதையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "ஐயா, நீங்க சொல்றது சரி. ஆனா பாருங்க, என்கிட்ட படிக்கிறதுல பாதிப் பிள்ளைங்க அபார்ட்மெண்ட்ல இருக்குதுங்க. பால் பொங்கி வழியறத அதுங்க இங்கதான் பாக்குது. அதையும் நிறுத்திடவா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் குக்கரில் பொங்கல் வைக்கிற வீடு எங்கள் வீடும்தான். வயலுக்கு அழைத்துப் போவதென்றால் வண்டி, பெற்றோர் ஒப்புதல், பாம்பு கடித்தால் யார் பொறுப்பு என்று அவருக்கு ஆயிரம் கவலை. பாடச்சுமை வேறு. 2023-24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன, அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூல். வகுப்பில் ஊரைப் பற்றிப் பேசக் கிடைக்கிற இடுக்கு இன்னும் சிறுத்திருக்கிறது. அதனால்தான் விழாவைக் கோட்டைவிடக் கூடாது என்கிறேன். அந்த ஒரு நாள்தான் ஊர் உள்ளே வர வழி.

நான் பார்த்ததில் ஊர் உள்ளே வந்த ஒரு நிமிடம் உண்டு. அதையும் பதிவு செய்கிறேன். ஒரு பள்ளியில் ஒளித்துவைத்த கேஸ் தீர்ந்துபோனது. விறகு வைத்துப் பற்றவைக்கப் பார்த்தார்கள். பட்டுப்புடவையில் நான்கு ஆசிரியைகள், ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். கூட்டுகிற வேலைக்கு வருகிற ஆயாம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தள்ளிக்கோங்க டீச்சர்" என்று வந்து உட்கார்ந்தார். விறகைப் பிரித்து இடைவெளி விட்டு அடுக்கினார்; காய்ந்த பனையோலையை முறுக்கி அடியில் செருகினார்; ஒரே தீக்குச்சி. பிள்ளைகள் வரிசையை விட்டு எழுந்து சுற்றி நின்றுவிட்டார்கள். "கிட்ட வராதடா, வழியும்" என்று அதட்டினார். அவர் அதட்டியபோதே வழிந்தது. ஒலிபெருக்கியில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் கத்தினார்கள். அந்த ஆண்டு விழாப் படத்தொகுப்பை எனக்கு அனுப்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு படம். ஆயாம்மா ஒன்றிலும் இல்லை.

அடுத்த தை ஐந்துக்கு நான் சோரியாங்குப்பம் போனேன். அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கண் தேடத்தான் செய்தது. அவளைப் பார்க்கவில்லை. பத்தரை மணி வெயிலில் ஆறு முழுக்க ஜனம். ஆற்று நடுவில் முழங்கால் தண்ணீர். கிழங்கு விலை கேட்டுக்கொண்டு நிற்கையில் பக்கத்தில் இரண்டு பையன்கள், சீருடைக் கால்சட்டையும் வண்ண டீ-சட்டையுமாக, கையில் ஆளுக்கொரு கரும்புத் துண்டு.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையாப்பா?"

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். பெரியவன் கரும்பைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"இருக்குது சார். ரெண்டு பேருக்கும் வயித்துவலின்னு அம்மா லெட்டர் குடுத்து உட்டுருக்காங்க."